முழந்தாளிலை நிக்கிற மனுசன்

மியூசியத்திலை செக்கியூரிற்றி வேலை எண்டா, உலகத்திலை உள்ள வடிவான சாமான் எல்லாத்துக்கும் பக்கத்திலை நாள் முழுக்க நிண்டு, அதுகளைப் பாக்காமல், வாற ஆக்களின்ரை கையைப் பாக்கிற வேலை.

கடையிலை காசு வாங்கிப் போடுற ஆக்கள், ஆஸ்பத்திரி வாசலிலை நிக்கிற ஆக்கள், பாக்டரி லைனிலை நிக்கிற ஆக்கள், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இருந்து வேலை செய்யிற ஆக்களுக்கு முதுகு மட்டும்தான் நோகும். நிண்டு செய்யிற எங்களுக்கு முதுகும் நோகும், காலும் நோகும், போதாக்குறைக்குச் சிரிச்ச முகமாயும் இருக்கவேணும். நான் முந்தி டோர்வல் எயாப்போட்டிலை கிளீனிங் செய்தனான். நிலத்தைப் பாத்துக்கொண்டே வருசங்கள் போச்சுது. பேந்து ஆரோ சொல்லி, மொன்றியலிலை ஒரு மியூசியத்திலை இந்த வேலை கிடைச்சுது. கறுத்தக் கோட்டு, காதிலை ஒரு வயர், கழுத்திலை பேர் அட்டை. முதல்நாள் என்னைப் பாத்த என்ரை மனுசன், மந்திரிக்குக் காவல் போற ஆள் மாதிரி இருக்கு எண்டார். பியர்பொன்ட்ஸிலை இருந்து பஸ்ஸும் மெத்ரோவும் மாறி வாறன். எண்டாலும் இந்த ஒரு வருசமா அலுத்துக்கொண்டு வந்த நாள் இல்லை. அதுக்கு ஒரு படம்தான் காரணம்.

முதுகு காட்டிற பிரச்சினை

அந்தப் படம் இத்தாலியிலை ஒரு சின்ன ஊரிலை, ஐந்நூறு வருசத்துக்கு முதல் கீறினது. மாதாவும் மடியிலை பாலனும். கீறின ஆளின்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது. பெரிய ஆள் இல்லை. ஊர்ப் பட்டறை ஒண்டிலை முதலாளி முகத்தைக் கீற, ஒரு வேலையாள் கையைக் கீற, இன்னொருத்தன் சீலையைக் கீறி முடிச்ச படமாம். முந்தி அது அடிப்பிடிச்ச சட்டி மாதிரிக் கறுத்துப்போய் ஒரு மூலையிலை தொங்கினது. பிறகு அதைக் கீழை கொண்டு போச்சினம். பழைய படங்களைத் திருத்திற எலீஸ் எண்ட பிள்ளை, பஞ்சுத் தடியாலை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தையை எடுத்து, உதிர்ந்த நிறத்தைச் சரிக்கட்டி, மேலை அனுப்பினா. மாதாவின்ரை சீலை நீலமெண்டே எங்களுக்கு அப்பதான் தெரியும்.

அந்த அறை என்ரை பொறுப்பு. எங்கடை வேலையிலை ஒரு சட்டம், படத்துக்கு முதுகைக் காட்டி, ஆக்களுக்கு முகத்தைக் காட்டி நிக்கவேணும். நான் சைவம்தான். எண்டாலும் சாமி சாமிதானே. மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாள் முழுக்க நிக்க எனக்கு மனம் வரேல்லை. நண்டு மாதிரிப் பக்கவாட்டிலை நிண்டன், ஒரு கண் அங்கை, ஒரு கண் இஞ்சை. பக்கத்து அறையிலை நிக்கிற றெஜான், பென்ஷனுக்குக் கிட்ட வந்திட்ட கியூபெக்காரர், கழுத்துச் சுளுக்கோ எண்டு கேட்டார். நான் காரணத்தைச் சொன்னன். மனுசன் சிரிக்கேல்லை. படத்துக்கு முன்னாலை போய் நிண்டு வடிவாப் பாத்திட்டு வந்து சொன்னார்: “அவ உன்ரை முதுகைப் பாக்கேல்லை மலர், பிள்ளையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா.”

பிள்ளையின்ரை முகம்

படத்திலை மாதா நல்ல வடிவு. பாலன்தான் கொஞ்சம் கரைச்சல். அரசாங்கக் கச்சேரியிலை முப்பது வருசம் வேலை செய்து இளைப்பாறின கிளாக்கரின்ரை முகம். நெற்றியிலை சுருக்கம், கன்னம் உள்ளுக்கை, தலைமயிரும் பின்னுக்குப் போயிட்டுது. அந்தக் காலத்திலை அப்பிடித்தான் கீறினவையாம். ஆனால் வாற சனத்துக்கு அது தெரியாதே. சின்னப்பிள்ளையள் பயப்பிடுங்கள். பெரிய ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுச் சிரிப்பினம். நான் ஒண்டும் தெரியாத மாதிரி மேலை லைற்றைப் பாத்துக்கொண்டு நிப்பன்.

ஒருநாள் ரொறன்ரோவிலை இருந்து வந்த எங்கடை பிள்ளை ஒண்டு, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியிலை வைச்சுக்கொண்டு, படத்துக்கு முன்னாலை நிண்டா. தன்ரை பிள்ளையைப் பாத்தா, படத்துப் பிள்ளையைப் பாத்தா, திரும்பவும் தன்ரை பிள்ளையைப் பாத்தா. பிறகு என்ரை பேர் அட்டையைப் பாத்துத் தமிழ் ஆள் எண்டு கண்டிட்டு, கிட்ட வந்து, குரலைத் தணிச்சுச் சொன்னா: “தாய் நல்ல வடிவு அன்ரி. பிள்ளை தகப்பன் பக்கம் போலை கிடக்கு.”

பிலோ அக்கா கண்டுபிடிச்ச ஆள்

டோர்வலிலை வேலை செய்யேக்கை எனக்குக் கிடைச்ச சினேகிதி பிலோ அக்கா. மன்னார்க் கத்தோலிக்க ஆள், பிளேனுக்குச் சாப்பாடு கட்டிற இடத்திலை நிண்டவ. பஸ் தரிப்பிலை சேந்து நடுங்கி நடுங்கியே நாங்கள் கூட்டாளியள். இப்ப லவாலிலை தனிய இருக்கிறா. மனுசன் செத்துப்போனார். ஒரே ஒரு மகள், டிலானி. அந்தப் பிள்ளை இஞ்சத்தைப் பெடியன் ஒருத்தனைச் சேர்ச்சிலை முடிக்காமல் நகரசபையிலை போய்க் கையெழுத்து வைச்சு முடிச்சவ. பிலோ அக்கா கலியாணத்துக்குப் போகேல்லை. இனி நீயாக் கூப்பிடும்வரைக்கும் நான் உன்ரை படி மிதியன் எண்டு ஒரு சொல்லும் சொல்லிப்போட்டா. ரண்டு வருசமாக் கதை பேச்சில்லை. அது தாயைப்போலைதான் பிள்ளை, அதுவும் கூப்பிடேல்லை.

மாதா வந்திருக்கிறா, வந்து பாருங்கோ எண்டு நான்தான் போன் அடிச்சுச் சொன்னன். ஒரு செவ்வாய்க்கிழமை வந்தா. மாதாவைப் பாத்துச் சிலுவை போட்டா. பிறகு கண் இடதுபக்க மூலைக்குப் போச்சுது. முந்தி ஊத்தையிலை மறைஞ்சு கிடந்து, எலீஸ் துடைச்ச பிறகு வெளியிலை வந்த ஒரு ஆள் அதிலை நிக்கிறார். மண்நிற அங்கி, உச்சியிலை மொட்டை, முழந்தாளிலை நிண்டு கை கூப்பினபடி, இடுப்பிலை என்னவோ தொங்குது. பாலன் அவரைப் பாத்துக் கையை நீட்டுது. பக்கத்திலை இருக்கிற பலகையிலை அவரைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிலோ அக்காவுக்குப் பலகை தேவைப்படேல்லை. உது அந்தோனியார் எல்லே எண்டா. மண்நிற அங்கி, மொட்டை, பாலனுக்குப் பக்கத்திலை, இடுப்பிலை செபமாலை, வேறை ஆர் எண்டா. கேக்க எனக்கும் சரியெண்டுதான் பட்டுது.

உங்களுக்குத் தெரியும்தானே, தொலைஞ்ச சாமான் எடுத்துத் தாறதெண்டா அது அந்தோனியார்தான். ஊரிலை சைவச் சனமும் செவ்வாய்க்கிழமை அவரிட்டை ஓடும். பிலோ அக்கா படத்துக்குக் கிட்டப் போனா. பிறகு, என்ரை பிள்ளையை எடுத்துத் தாரும் எண்டு வாய்விட்டுக் கேட்டா. கேட்ட கையோடை எட்டி அவரின்ரை காலைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தப் போக, அலாரம் அடிச்சுது. நான் பாய்ஞ்சு போய், என்ரை சொந்தச் சினேகிதிக்கு, பிரெஞ்சிலை, தயவுசெய்து தொடவேண்டாம் மதாம் எண்டு சொன்னன். கமராவிலை பாக்கிறாங்கள், என்ன செய்யிறது. அவ ஈரக் கண்ணோடை என்னைப் பாத்துக் கேட்டா: “தொடாமல் விட்டா, கேட்டது நான்தானெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும் மலர்?”

ஆளில்லாத சப்பாத்து

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை எண்டுவினம். பிலோ அக்கா கோயில் முடிய ரண்டு பேருக்குச் சொன்னா. நான் என்ரை மனுசனுக்குச் சொன்னன், அவர் ஊருக்கே சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமையளிலை எங்கடை சனம் ஒவ்வொண்டா வரத் தொடங்கிச்சுது. தோட்டைத் துலைச்சவை, வீட்டுப் பூட்டின்ரை திறப்பைத் துலைச்சவை, வேலையைத் துலைச்சவை. எல்லாரும் ரிக்கெற் எடுத்து, மற்ற அறையள் ஒண்டையும் திரும்பிப் பாராமல், நேரை மூலைக்கு வருவினம். பிலோ அக்கா ஒரு செவ்வாயும் தவறேல்லை. நான் எல்லாரையும் ஒரு அடி தள்ளி நிக்கச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போச்சுது.

ஒருநாள் காதுக்குள்ளை றெஜான்ரை குரல். அறை வாசலிலை ஒரு சோடி பெரிய சப்பாத்து நிக்குது, ஆளைக் காணேல்லை, சந்தேகமாக் கிடக்கு எண்டார். நான் போய்ப் பாத்தன். பனி உருகித் தண்ணி வடிய, சுவரோடை ஒழுங்கா ஒட்டி வைச்ச சப்பாத்து. பாத்த உடனை எனக்குப் பிடிபட்டிட்டுது. உள்ளுக்கை படத்துக்கு முன்னாலை எங்கடை தெருத் தம்பிராசா அண்ணை காலிலை வெறும் சொக்ஸோடை நிக்கிறார். லண்டனிலை தம்பியின்ரை மகளின்ரை கலியாணத்துக்குப் போக ரிக்கெற் போட்டிட்டுப் பாஸ்போட்டைக் காணாமல் அலையிற மனுசன். அண்ணை, இஞ்சை சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை, போட்டுக்கொண்டு வாங்கோ எண்டன். அவர் கூப்பின கையை எடுக்காமலே சொன்னார்: “நீங்கள் சம்பளத்துக்கு நிக்கிறியள் தங்கச்சி, நான் கேக்க வந்து நிக்கிறன்.”

றெஜான்ரை சைக்கிள்

பாஸ்போட் கிடைச்சிட்டுது. தம்பிராசா அண்ணையின்ரை மனுசி, கள்ளருக்குப் பயந்து அரிசி வாளிக்குள்ளை தாட்டுவைச்சிட்டு மறந்து போனாவாம். நேத்திக்கடன் வைச்சுக் கேட்டது கிடைச்சா அந்தோனியார் பேரிலை ஏழையளுக்குப் பாண் குடுக்கிறது வழக்கம். அண்ணை சைவக்காரர், அவருக்கு முறை தெரியாது. பிலோ அக்காவிட்டைக் கேட்டு, வெறும் பாண் போதாதெண்டு ஒரு பெட்டி மீன் அடைச்ச பணிஸோடை வந்திட்டார். படம் இருக்கிற அறைக்குள்ளை சாப்பாட்டுச் சாமான் கொண்டு வந்தா எங்கடை மேலதிகாரிக்கு மயக்கம் வந்திடும். நான் பெட்டியைப் பறிச்சுக்கொண்டு நாங்கள் சாப்பிடுற அறைக்கு ஓடினன்.

மத்தியானம் றெஜான் ஒண்டு எடுத்தார். பிறகு இன்னொண்டு எடுத்தார். உறைப்பிலை மூக்கைத் துடைச்சுக்கொண்டு, உது எந்தப் பண்டிகை எண்டு கேட்டார். நான் அந்தோனியாரின்ரை கதையைச் சொன்னன். தன்ரை தாயும் சமையலறைக்குள்ளை நிண்டு அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் மூக்குக்கண்ணாடி தேடுறவவாம். தனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை எண்டார். மூண்டாவது பணிஸையும் எடுத்துக்கொண்டு எழும்பிப் போனவர், வாசலிலை நிண்டு திரும்பிச் சொன்னார்: “என்ரை சைக்கிள் களவு போனது. நிறம் பச்சை எண்டு அவருக்குச் சொல்லிவிடு.”

கத்தரிக்கோல்

பேந்து கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாப் போச்சுது. ஒரு வெள்ளிக்கிழமை எலீஸ் மேலை வந்தா. ஒருத்தரும் திரும்பிப் பாராத படத்துக்கு இவ்வளவு சனம் வருதாம் எண்டு கேள்விப்பட்டு, அந்தப் பிள்ளைக்குக் கால் நிலத்திலை முட்டேல்லை. ஏன் வருகினம் எண்டு கேட்டா. அந்தோனியாரிட்டை வருகினம் எண்டன். எந்த அந்தோனியார் எண்டா. நான் மூலையைக் காட்டினன்.

எலீஸ் வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு மெல்லமாச் சொன்னா, அது புனிதர் ஒருத்தரும் இல்லையாம். தலையைச் சுத்தி ஒளிவட்டம் இல்லை, பாருங்கோ எண்டா. இல்லைத்தான். கழுத்தடியிலை விலை கூடின மிருகத்தோல் வைச்சுத் தைச்ச அங்கி. இடுப்பிலை தொங்கினதை நாங்கள் செபமாலை எண்டு நினைச்சம், கிட்டப் போய்ப் பாத்தா அது கத்தரிக்கோல். மொட்டை எண்டது வெறும் மொட்டைதான், வயசாலை வந்த மொட்டை. வாற கிழமை புதுப் பலகை போட்டு எல்லாம் எழுதப் போகினமாம். தோடு, திறப்பு, பாஸ்போட் எல்லாம் போகட்டும், பிலோ அக்காவை நினைக்கத்தான் அந்தரமாப் போச்சுது. எலீஸுக்கு என்ரை முகம் மாறினது விளங்கேல்லை, அவ தன்ரை சந்தோசத்திலை சொல்லிக்கொண்டிருந்தா: “அவர் அந்த ஊர்த் துணிக்கடைக்காரர் மலர், படத்துக்குச் செலவழிச்சவர், அதாலை தன்னையும் ஒரு மூலையிலை போடுவிச்சிருக்கிறார்.”

வீட்டிலை கேட்ட புத்தி

இரவுச் சாப்பாட்டிலை என்ரை மனுசனிட்டைக் கேட்டன். பிலோ அக்காவுக்குச் சொல்லுறதோ, விடுறதோ. சொன்னா மனுசி உடைஞ்சு போயிடும். அவவுக்கு உலகத்திலை மிச்சம் இருக்கிற நம்பிக்கை அந்த மூலைதான். சொல்லாமல் விட்டா, செவ்வாய்க்கிழமை வந்து புதுப் பலகையை ஆராவது வாசிச்சுக் காட்ட, ஊருக்கு முன்னாலை வெக்கப்பட்டுப் போவா. அவ என்னிலையும் கோவிப்பா, நியாயம்தானே.

என்ரை மனுசன் புட்டையும் கறியையும் குழைச்சுக்கொண்டு, நீதவான் மாதிரிக் கனநேரம் யோசிச்சார். ஏதோ பெரிய புத்தி வரப்போகுதெண்டு நான் பாத்துக்கொண்டிருந்தன். கடைசியிலை கேட்டார்: “அப்ப தம்பிராசா அண்ணை பாஸ்போட்டைத் திரும்ப அரிசிக்குள்ளை வைக்கோணுமோ?”

செவ்வாய்க்கிழமை

பலகை மாற முதலே சொல்லுறதெண்டு முடிவெடுத்தன். பிலோ அக்கா வழமைபோலை வந்தா. மழைக்கோட்டை மடிச்சுக் கையிலை வைச்சுக்கொண்டு மூலைக்குப் போகப் போனவவை மறிச்சு, சுவரோடை கிடந்த வாங்கில் ஒண்டிலை இருத்தினன். எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது. அக்கா, அவர் அந்தோனியார் இல்லை, துணிக்கடைக்காரர் ஒருத்தர், இடுப்பிலை தொங்கிறது கத்தரிக்கோல் எண்டு சொல்லிப்போட்டன். சொல்லேக்கை எனக்குத்தான் அழுகை வந்தது.

அவ அழேல்லை. எழும்பிப் போய், ஒரு அடி தள்ளி நிண்டு, அந்த மனுசனைப் பாத்தா. கத்தரிக்கோலைப் பாத்தா. மிருகத்தோலைப் பாத்தா. நாங்கள் எல்லாரும் அவரிட்டைக் கேட்டமே, அப்ப இவர் ஆரிட்டைக் கேக்கிறார் எண்டா. மாதாவிட்டைத்தான் எண்டன். என்ன கேக்கிறார் எண்டா. ஆருக்குத் தெரியும், அவருக்கும் வீட்டிலை என்ன பிரச்சினையோ எண்டன். அவவுக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்துது. பெரிய கடைக்காரன், இவ்வளவு வசதியோடை, கடையைப் பூட்டிப்போட்டு வந்து முழந்தாளிலை நிக்கிறான் பார் எண்டா. பிறகு திரும்பி வந்து வாங்கிலிலை இருந்தா. நான் என்ரை இடத்துக்குப் போய் நிண்டன், வேறை ஆக்களும் வந்து போச்சினம்.

பிலோ அக்கா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு என்னட்டை வந்தா. மகளின்ரை வீட்டு இலக்கம் தன்னட்டை இருக்காம், ஆரோ கலியாணப் படத்தோடை அனுப்பினதாம், றோஸ்மொன்ட் ஸ்டேஷனிலை இறங்கிக் கொஞ்சத் தூரம் நடக்கவேணுமாம். வெறுங்கையோடை போறதோ எண்டு கேட்டா. வழியிலை தெப்பனர்க் கடையிலை ஏதும் வாங்குங்கோ எண்டன். ரண்டு அடி போனவ நிண்டு, என்ரை முகத்தைப் பாராமல் சொன்னா: “நான் ஒவ்வொரு செவ்வாயும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் இஞ்சை வாறனான், மலர்.”

டிலானி சொன்னது

அடுத்த செவ்வாய் பிலோ அக்கா வரேல்லை. போனும் எடுக்கேல்லை. நான் புதுப் பலகையைப் பாத்துப் பாத்து, ஐயோ சொல்லாமல் விட்டிருக்கலாமோ எண்டு என்னை நானே திட்டிக்கொண்டு நிண்டன். அதுக்கு அடுத்த செவ்வாயும் ஆளில்லை. மகள் கதவைத் திறக்காமல் விட்டிருப்பாளோ, மனுசி வீட்டுக்குள்ளை படுத்திட்டாவோ எண்டு எனக்குப் பலதும் ஓடிச்சுது. ஒரு சனிக்கிழமை, அறை நிறைய வெள்ளைக்காரர் நிக்கேக்கை, அந்தச் சனத்துக்கு நடுவாலை பிலோ அக்கா வாறா. கூட ஒரு பிள்ளை. கேக்கத் தேவையில்லை, அதே நெற்றி, அதே பிடிவாத நாடி.

தாயும் மகளும் படத்துக்கு முன்னாலை நிண்டினம். அம்மா அன்ரிக்கு எல்லாம் சொன்னவவோ எண்டு டிலானி பாதி பிரெஞ்சிலை கேட்டா. இல்லை எண்டன். பிலோ அக்கா சும்மா இரடி எண்டு இடிச்சா. நான் கமராவையும் மறந்து பிலோ அக்காவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், சரியான சந்தோசம் எனக்கு. டிலானி புதுப் பலகையை ஆறுதலா வாசிச்சா. பிறகு மூலையிலை கை கூப்பி நிக்கிற மனுசனைக் காட்டிச் சொன்னா: “அம்மா எங்கடை கதவடியிலை உப்பிடித்தான் நிண்டவ அன்ரி, கை ரண்டிலையும் வாழைப்பழம் இருந்ததாலை கும்பிடத்தான் ஏலேல்லை.”

புதுப் பலகை வந்த பிறகும் எங்கடை சனம் செவ்வாய்க்கிழமை வாறதை நிப்பாட்டேல்லை, ஆள் கடைக்காரர் எண்டு தெரிஞ்சதாலை இப்ப கொஞ்சம் பேரம் பேசிக் கேக்கினம், அவ்வளவுதான்.